காவல் நிலமும் கோழிக் கொட்டகையும்: ஹெசரகட்டாவில் சந்திக்கும் இரண்டு கால்நடை வரலாறுகள்

பெங்களூருவின் வடமேற்கே அர்க்காவதி ஆற்றின் மேற்பகுதியில் ஹெசரகட்டா என்னும் ஊர் இருக்கிறது. பெங்களூரு வரலாற்றில் இவ்வூர் பெரும்பாலும் நீரோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1894-இல் இங்கே கட்டப்பட்ட ஏரியிலிருந்துதான் நகருக்கு முதன்முதலில் குழாய்வழிக் குடிநீர் சென்றது. ஆனால் கால்நடை வரலாற்றைப் பயில்வோருக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியமானது. ஏரியை அடுத்து, மாநிலக் கால்நடைத் துறையின் கைவசம், சில நூறு ஏக்கர் திறந்த புல்வெளி எஞ்சியிருக்கிறது. பெங்களூருவைச் சுற்றி ஒருகாலத்தில் பரந்திருந்த புல்வெளிகளில் கடைசியாக நிற்பவற்றுள் இது ஒன்று. அதே ஊரில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம், கால்நடை இனப்பெருக்கப் பண்ணை, உறைவிந்து உற்பத்தி மற்றும் பயிற்சி நிலையம், தீவனப்பயிர் நிலையம் ஆகிய நான்கும் இயங்குகின்றன.

புல்லைத் தேடி விலங்கு நடந்த காலமும், தீவனம் விலங்கைத் தேடி லாரியில் வரும் காலமும் இவ்வாறு ஒரே ஊரின் எல்லைக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. மேய்ச்சல்வழிக் கால்நடை வளர்ப்பையும் தொழில்முறை இறைச்சி உற்பத்தியையும் ஒப்பிடும் எழுத்துகள் பெரும்பாலும் மேலைநாட்டுச் சான்றுகளை வைத்தே பேசுகின்றன. அமெரிக்க மாட்டுக் கொட்டில்களும் பிரேசிலின் காடழிப்பும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். தக்காணத்தின் தென்பகுதியில் இந்த மாற்றம் நடந்த விதம் வேறு. இங்கே தொழில்முறை உற்பத்தி மேய்ச்சல் நிலத்தின்மேல் நேரடியாக வந்து அமரவில்லை. மேய்ச்சல் நிலம் தேவையற்றது என்ற எண்ணத்தை அது அரசின் கணக்கேட்டில் உறுதிப்படுத்தியது. நிலம் கைமாறியது அதன் தொடர்ச்சியாகவே நிகழ்ந்தது.

1. அரசின் புல்

‘காவல்’ என்ற சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொது. பழைய மைசூர் அரசின் ஆட்சிவழக்கில் அச்சொல் ஒரு நிலவகையைக் குறித்தது. அரசின் மாட்டு மந்தைகளுக்கென ஒதுக்கிக் காக்கப்பட்ட புல்நிலமே காவல். பெங்களூருவின் இன்றைய வரைபடத்தில் காவல் பைரசந்திரா, ஜாரகபண்டே காவல், உத்தரஹள்ளி மனவர்த்தே காவல் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முகவரியாகிவிட்ட இப்பெயர்கள் அந்நிலங்களின் முந்தைய பயனை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சென்னையின் மந்தைவெளிக்கும் இதே கதைதான்.

இக்காவல்களில் புகழ்பெற்றவை அம்ரித் மகால் காவல்கள். விஜயநகர ஆட்சியாளர்களின் பிரதிநிதிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வைத்திருந்த மாட்டுப் பட்டியிலிருந்து இவற்றின் வரலாறு தொடங்குவதாக மைசூர் அரசிதழ்ப் பதிவுகள் கூறும். சிக்க தேவராஜ உடையார் (1673–1704) காலத்தில் இது ‘பெண்ணெ சாவடி’, அதாவது வெண்ணெய்த் துறை, என்னும் பெயரில் ஒரு நிர்வாகப் பிரிவாக நடந்தது. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவது அதன் வெளிப்படையான பணி. ஹைதர் அலி அதன் எருதுகளைப் பீரங்கி இழுக்கவும் படைச்சுமை சுமக்கவும் பயன்படுத்தினார். திப்பு சுல்தான் அத்துறைக்கு ‘அம்ரித் மகால்’ என்று பெயர் மாற்றி, மந்தை மேலாண்மைக்கென விரிவான ஆணைகளையும் பிறப்பித்தார். ஹைதரின் படை இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தை அடைந்ததற்கு இந்த எருதுகளே காரணம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய நூல்கள் மீண்டும் மீண்டும் எழுதின. தூரத்தையும் நாளையும் அப்படியே ஏற்காவிட்டாலும், எதிரிப் படையே வியந்து பதிவுசெய்த ஒரு விலங்கு என்பதில் ஐயமில்லை.

இவ்விலங்கை உருவாக்கிய முறை இங்கே கவனிக்கத்தக்கது. காவல்கள் கோடைக் காவல், மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல் என மூவகையாகப் பகுக்கப்பட்டிருந்தன. நீரும் நிழலும் உள்ள நிலங்கள் கோடைக்கென விடப்பட்டன. மழையில் புல் தழைக்கும் மேட்டுநிலங்கள் மழைக்காலத்துக்கு. மந்தைகள் பருவந்தோறும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தன. இக்காவல்கள் இன்றைய தும்கூரு, சித்ரதுர்கா, ஹாசன், சிக்கமகளூரு மாவட்டங்களில் பெரும்பான்மையாகப் பரவியிருந்தன. ஒரு துண்டு நிலத்தைத் தனியாகப் பார்த்தால் ஆண்டின் பாதி நாள் அது வெறுமையாகக் கிடப்பதுபோல் தோன்றும். அந்த வெறுமை அம்முறையின் ஓர் உறுப்பு. புல் விதை உதிர்த்து மீண்டும் முளைப்பதற்கான ஓய்வுக்காலம் அது. இந்த ஓய்வைத் ‘தரிசு’ என்று படித்தவர்களின் கையில் பின்னாளில் நிலவரி ஏடு போய்ச் சேர்ந்தது.

காவல் முறையைப் பொற்காலமாகக் காட்டுவதும் பிழையாகும். அது குடிகளின் பொதுநிலம் அன்று. அரசு தன் போர்த் தேவைக்கென வேலியிட்ட நிலம். சுற்றியிருந்த ஊர்களின் மாடுகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருந்தது. எருதின் வலிமை அரசின் வலிமையாகக் கருதப்பட்டதால்தான் புல்லுக்குக் காவலாளி வைக்கப்பட்டார். அந்தத் தேவை மறைந்தபோது காவலும் தளர்ந்ததில் வியப்பில்லை.

2. மந்தையும் பட்டியும்

அரசின் மாடுகளுக்கு வெளியே, குடிகளின் ஆடுகள் வேறொரு மேய்ச்சல் உலகத்தைச் சேர்ந்தவை. இறைச்சியின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. பெங்களூருவின் பழைய பேட்டைகளில் கொல்லரபேட்டையும் குருபரபேட்டையும் உண்டு. நகருக்கு வெளியே கொல்லரஹட்டி, குருபரஹள்ளி என்ற ஊர்கள் இருந்தன. இன்று அவை நகருக்குள் அடங்கிவிட்டன. கன்னடத்தில் கொல்லர் என்பது மாடு மேய்ப்போரையும், குருபர் என்பது ஆடு மேய்த்துக் கம்பளி நெய்வோரையும் குறிக்கும். தமிழில் கொல்லர் என்றால் இரும்பு வேலை செய்வோர் என்பதால் தமிழ் வாசகர்கள் இப்பெயரைத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. திப்புவின் வீழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, 1800-இல், வெல்லெஸ்லியின் ஆணைப்படி மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், இம்மேய்ப்பர்களின் வாழ்க்கை, மந்தை அளவு, வரி ஆகியவற்றை ஊர்தோறும் கேட்டு எழுதியிருக்கிறார்.

தக்காணி ஆடு கரிய கம்பளிக்காக வளர்க்கப்பட்டது. மண்டியா, பன்னூர்ப் பகுதிகளின் குட்டையான ஆடு இறைச்சிக்குப் பெயர்பெற்றது. ஆயினும் மேய்ப்பரின் வரவுக் கணக்கில் இறைச்சி ஒரு பகுதியாக மட்டுமே இருந்தது. அறுவடைக்குப் பின் வயலில் மந்தையை இரவு தங்கவைத்தால் நிலத்துக்காரர் தானியமோ பணமோ கொடுப்பார். தமிழ்நாட்டில் இதைக் கிடை போடுதல் என்றும் பட்டி அடைத்தல் என்றும் சொல்வர். ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம் என்ற பழமொழி உழவரின் பக்கத்திலிருந்து இந்த உறவை விளக்குகிறது. எரு, கம்பளி, பால், தோல், விதைக்கிடா, கடைசியில் இறைச்சி என ஒரே விலங்கு பல வருவாய்களைத் தந்தது. இவற்றுள் எந்த ஒன்றையும் மட்டும் எடுத்து அளந்தால் அந்த விலங்கு ‘உற்பத்தித்திறன் குறைந்தது’ என்றே தோன்றும்.

மேய்ச்சல் முறைக்கும் தொழில்முறைக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இதில்தான் இருக்கிறது. முன்னது மனிதர் உண்ண இயலாத புல்லையும் தாளையும் இலையையும் பல பயன்களாக மாற்றியது. அளவில் குறைவு, வகையில் அதிகம். பின்னது ஒரே பயனை எடுத்துக்கொண்டு அதன் அளவை எல்லையின்றிப் பெருக்க முயல்கிறது.

3. விலங்கு நிலத்தைவிட்டுப் பிரிந்த விதம்

1799-க்குப் பின் அம்ரித் மகால் மந்தைகள் கைமாறிக் கைமாறிச் சீர்கெட்டன. ஆங்கிலேயப் படைக்கு எருதுகள் தேவைப்பட்டதால் 1813-இல் சென்னைப் படையின் வழங்கல் துறை அவற்றைப் பொறுப்பேற்றது. 1860-இல் செலவு மிகுதி என்று கூறித் துறை கலைக்கப்பட்டது, மந்தைகள் விற்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே படைக்கு நல்ல எருது கிடைக்காத நிலை ஏற்பட்டு, 1866-இல் துறை மீண்டும் தொடங்கப்பட்டது. இந்த ஆறாண்டு இடைவெளி ஒரு பாடமாக அமைந்திருக்க வேண்டும். புல்வெளியைப் பராமரிக்கும் செலவு ஏட்டில் தெரிந்தது. அது தந்த பயன், இழந்த பிறகுதான் தெரிந்தது.

1809-இல் பெங்களூருவில் படைக்குடியிருப்பு அமைந்ததும் நகரில் இறைச்சிக்கும் பாலுக்கும் ஒரு நிலையான சந்தை உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சந்தை அறிவியல் நிறுவனங்களையும் ஈர்த்தது. 1923-இல் இங்கிருந்த படைத்துறைப் பால்பண்ணையை அடித்தளமாகக் கொண்டு பேரரசின் கால்நடை மற்றும் பால்வள நிறுவனம் தொடங்கப்பட்டது. 1927-இல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூருவில் தங்கியிருந்த காந்தி, இந்நிறுவனத்துக்கு வந்து மாடு வளர்ப்பைப் பயின்றார். பசுப் பாதுகாப்பு என்பது பக்தியோடு நின்றுவிடாமல் பொருளியல் அடிப்படையிலும் அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. ஹெப்பாலில் 1925-இல் நிறுவப்பட்ட மைசூர் சீரம் நிலையம் மாட்டுக் கொள்ளைநோய்க்கு எதிரான மருந்துகளைத் தயாரித்தது. இந்நோய் உலகிலிருந்து முற்றாக ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற நோய் அது. அதன் ஒழிப்பில் மேய்ப்பர்கள் பெற்ற பயன் பெரிது. கால்நடை அறிவியல் மேய்ச்சலுக்கு எதிராகவே பிறந்தது என்று சொல்ல வரலாறு இடம்தராது.

விலகல் விடுதலைக்குப் பின்னரே வேகம்கொண்டது. லாரியும் டிராக்டரும் வந்தபின் படைக்கும் உழவுக்கும் எருது இன்றியமையாததாக இல்லை. ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கத்தில் காவல் நிலங்கள் பல பயிர்சாகுபடிக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நிலமற்றோர் சிலருக்கு அதனால் நிலம் கிடைத்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கு லட்சம் ஏக்கரை ஒட்டியிருந்த அம்ரித் மகால் காவல்களில் இன்று எஞ்சியிருப்பது ஒரு லட்சம் ஏக்கரைக்கூட எட்டாது. அந்த மாட்டினம் சிக்கமகளூரு மாவட்டத்து அஜ்ஜம்புராவில் 1929-இல் அமைந்த இனப்பெருக்க நிலையத்தையும் சில காவல்களையும் நம்பி நிற்கிறது.

1969-இல் ஹெசரகட்டாவில் டென்மார்க் நாட்டின் உதவியோடு உறைவிந்து நிலையம் அமைந்தது. கலப்பினப் பசுக்களின் பெருக்கத்துக்கு அது வழிவகுத்தது. சிறு விவசாயிகளின் வீட்டில் பால் பெருகியது. இன்னொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. பொலிகாளை இல்லாமலே கன்று பிறக்கும் என்றானபின், காளையை வளர்த்த மந்தை தேவையில்லை; மந்தை தேவையில்லை என்றால் அது மேய்ந்த வெளியும் தேவையில்லை. இனம் ஒரு சிறு வைக்கோற்குழல் அளவுள்ள குழாயில் உறைநிலையில் அடங்கிவிட்டது. மாட்டுக்கும் குறிப்பிட்ட ஒரு நிலத்துக்கும் பலநூறாண்டாக இருந்த உறவு அவ்விடத்தில் முறிந்தது.

4. கோழி: முறிவின் முழுவடிவம்

மாட்டில் பாதியளவு நிகழ்ந்த இந்த முறிவு கோழியில் முழுமையடைந்தது. ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் சண்டிகர், புவனேஸ்வர், மும்பை, ஹெசரகட்டா ஆகிய நான்கு இடங்களில் மத்திய அரசு கோழிப் பண்ணைகளை வளர்த்தெடுத்தது. குஞ்சுகளும் பயிற்சியும் அங்கிருந்து பரவின. 1971-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் உள்ளிட்ட தனியார் நிறுவனங்கள் அடுத்த கட்டத்தைக் கைக்கொண்டன. அயல்நாட்டு இனவழிகளிலிருந்து தாய்க்கோழிகளும் அவற்றிலிருந்து கறிக்கோழிக் குஞ்சுகளும் பெருவாரியாகப் பொரிக்கப்பட்டன. 1990-களில் கோவை, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் ஒப்பந்த முறை வேரூன்றியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தின் உடைமை. கொட்டகையும் உழைப்பும் மின்சாரமும் விவசாயியின் பொறுப்பு. அவருக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. இம்முறையே பின்னர் கர்நாடகத்துக்கும் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

இது பிறந்த இடமும் பொருள்பொதிந்தது. பல்லடத்தை அடுத்த காங்கயம், தாராபுரம் பகுதிகள் கொரங்காட்டு நிலம். கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்து வளரும்படி உழவர் தலைமுறைகளாகப் பேணிவந்த மேய்ச்சல்காடு அது. காங்கயம் காளை அங்கே உருவான விலங்கு. மைசூரில் காவல் அரசின் உடைமை. கொங்கில் கொரங்காடு தனி உழவரின் உடைமை. உடைமைமுறை வேறானாலும் இரண்டின் அருகிலும் தொழில்முறைக் கால்நடை நிறுவனங்கள் எழுந்தன. மழை குறைந்த, பயிர் உறுதியற்ற நிலத்தில் கால்நடையை நம்பியே வாழ்ந்த மக்களுக்கு அத்தொழில் பற்றிய அறிவும் அதில் துணிந்து இறங்கும் பழக்கமும் முன்பே இருந்தன. மேய்ச்சல் நிலத்தின் மனிதர்களே கொட்டகையின் முதல் உழைப்பாளர்களாகவும் முதலாளிகளாகவும் ஆனார்கள் என்ற கருத்தை மேலும் ஆராய இடமுண்டு.

விளைவு எண்களில் தெளிவாகத் தெரிகிறது. 2019-ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கோழியினப் பறவைகள் சுமார் 85 கோடி. அவற்றுள் ஏறத்தாழ 53 கோடி வணிகப் பண்ணைகளில் இருந்தவை. புழக்கடையில் வளர்ந்தவை 32 கோடிக்கும் சற்றுக் குறைவு. இது கணக்கெடுத்த நாளின் நிலவரம் மட்டுமே. கறிக்கோழி ஆறு வாரங்களுக்குள் விற்பனைக்குப் போய்விடுவதால் ஒரே கொட்டகையில் ஆண்டுக்கு ஐந்தாறு தொகுதிகள் வளர்கின்றன. ஓராண்டில் வளர்ந்து மறையும் பறவைகளின் எண்ணிக்கை இதைவிடப் பன்மடங்கு. அதே கணக்கெடுப்பில் நாட்டின் செம்மறியாடுகள் 7 கோடியே 42 லட்சம். அவற்றுள் சுமார் 1 கோடியே 10 லட்சம் கர்நாடகத்தில் இருந்தன. 2021–22-இல் இந்தியாவின் இறைச்சி உற்பத்தி ஏறத்தாழ 93 லட்சம் டன். அதில் பாதிக்குச் சற்று மேல் கோழிக்கறி.

5. புல்வெளி எங்கே போயிற்று?

கொட்டகைக் கோழிக்கு நிலமே தேவையில்லை என்பது ஒரு தோற்றம். இரண்டு கிலோ எடையுள்ள கறிக்கோழி தன் வாழ்நாளில் மூன்று கிலோவுக்கும் மேல் தீவனம் தின்கிறது. அத்தீவனத்தில் பாதிக்கும் மேல் மக்காச்சோளம்; அடுத்தது சோயாப் புண்ணாக்கு. மக்காச்சோளம் பெருவாரியாக விளையும் மாநிலங்களுள் கர்நாடகம் ஒன்று. தாவணகெரே, ஹாவேரி, சித்ரதுர்கா மாவட்டங்களில் அது முதன்மைப் பயிர்களுள் வைத்து எண்ணப்படுகிறது. சித்ரதுர்காவோ அம்ரித் மகால் காவல்களின் நடுநிலங்களுள் ஒன்று. விலங்கு நடந்து மேய்ந்த வட்டாரத்தில் இன்று விலங்குக்கான தானியம் விளைகிறது. மேய்ச்சல் நிலம் மறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. இறைச்சியின் நிலக்கணக்கைக் கொட்டகையின் சதுர அடியோடு முடித்துக்கொள்ளும் ஒப்பீடு இந்த இரண்டாவது நிலத்தை விட்டுவிடுகிறது.

பழைய காவலுக்கும் இந்தப் புதிய ‘மேய்ச்சல் நில’த்துக்கும் வேறுபாடுகள் உண்டு. புல் ஆண்டுதோறும் உழப்படுவதில்லை; விதையும் உரமும் கேட்பதில்லை; விலங்கின் சாணம் அங்கேயே விழுகிறது. மக்காச்சோளம் உழவையும் யூரியாவையும் கேட்கும். அதை உண்ட கோழியின் எச்சம் வேறொரு மாவட்டத்தில் குவிகிறது. ஆடு உண்ட புல்லை மனிதர் உண்ண இயலாது. கோழி உண்ணும் மக்காச்சோளத்தை உண்ணலாம்.

கொட்டகை முறையின் இடர்ப்பாடுகளுக்கும் ஹெசரகட்டாவே சான்று தருகிறது. 2012 அக்டோபரில் அங்குள்ள மத்திய கோழி நிறுவனத்திலேயே பறவைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. வான்கோழிகளும் வாத்துகளும் கோழிகளுமாக ஆயிரக்கணக்கில் பறவைகள் மடிந்தன. எஞ்சியவை நோய் பரவாமல் தடுக்க அழிக்கப்பட்டன. பயிற்சியளிக்கும் நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், நெருக்கமாக வளரும் ஒரே மரபுவழிப் பறவைக் கூட்டத்தில் நோயின் வேகம் எத்தகையது என்பது விளங்கும். நோயை அஞ்சியும் வளர்ச்சியைக் கூட்டவும் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்க்கும் பழக்கமும் வளர்ந்தது. மனித மருத்துவத்தில் கடைசிக் கட்ட மருந்தாகக் கருதப்படும் கொலிஸ்டினை உணவுக்கென வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019-இல் தடைசெய்ததற்குக் காரணம் இதுவே.

ஒப்பீட்டின் மறுபக்கத்தையும் அதே அளவு நேர்மையோடு வைத்தாக வேண்டும். கோழிக்கறி இன்று சாதாரணக் குடும்பத்தின் வாராந்தர உணவாகியிருப்பது இந்தத் தொழில்முறையால்தான். ஆட்டிறைச்சியின் விலை அக்குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஒரு கிலோ இறைச்சிக்கு வெளியாகும் பசுங்குடில் வாயுவைக் கணக்கிட்டால் அசைபோடும் விலங்குகளைவிடக் கோழி மிகக் குறைவாகவே வெளியிடுகிறது. 2011-இலேயே 84 லட்சம் மக்கள் வாழ்ந்த பெங்களூருவின் இறைச்சித் தேவையைச் சுற்றுவட்டாரப் புல்வெளிகளால் நிறைவேற்ற இயலாது. மேய்ப்பரின் வாழ்வும் எளிதன்று. ஆண்டின் பல மாதங்கள் வெட்டவெளியில் கழியும். பிள்ளைகளின் படிப்பு தடைப்படும். வழியில் உள்ள வயல்காரரோடும் வனத்துறையோடும் ஓயாத வாக்குவாதம் இருக்கும். மேய்ச்சலை மீட்டெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நகரத்து ஏக்கமாகவே முடியும்.

ஆயினும் கிலோவுக்கு இவ்வளவு என்னும் அளவுகோலின் எல்லையையும் உணர வேண்டும். பல பயன்களைத் தரும் விலங்கின் முழுச் சுமையையும் அதன் இறைச்சியின்மீது மட்டும் ஏற்றினால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதாகிவிடும். வயலுக்குக் கிடைத்த எரு, உழவு தேவைப்படாமல் நிலைத்த புல்வெளி, அதில் கூடுகட்டும் வானம்பாடி, குளிர்காலத்தில் வந்து தங்கும் பூனைப்பருந்து ஆகியவற்றுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை. 1860-இல் எருதுத் துறையைக் கலைத்தவர்களின் கணக்கும் இத்தகையதுதான். அவர்கள் செலவை எண்ணினார்கள். பயனில் ஒன்றை மட்டும் எண்ணினார்கள்.

6. சட்டத்தில் இருக்கும் புல், நிலத்தில் இல்லாத புல்

இன்றைய கர்நாடகச் சட்டம் மேய்ச்சல் நிலத்தை மறந்துவிடவில்லை. 1964-ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டம், 71-ஆம் பிரிவில், பொதுப்பயனுக்கும் மேய்ச்சலுக்கும் அரசு நிலத்தை ஒதுக்க வழிசெய்கிறது. அதன்கீழ் எழுந்த 1966-ஆம் ஆண்டு விதிகள் நூறு மாடுகளுக்கு 12 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 30 ஏக்கர், என்று ‘கோமாள’ நிலத்தின் அளவையே நிர்ணயித்துள்ளன. இவ்விதிக்குள் ஒரு பொறி உண்டு. மாடுகள் குறைந்தால் தேவைப்படும் நிலமும் ஏட்டில் குறையும். ‘மிகுதி’ நிலத்தை வேறு பயனுக்குக் கொடுக்கலாம். நிலம் குறைந்தால் மாடுகள் மேலும் குறையும். தொழில்முறை உற்பத்தி இறைச்சியையும் பாலையும் வேறுவழியில் கொண்டுவந்து சேர்த்துவிடுவதால், இந்தச் சுழற்சியின் இழப்பை நகரம் உணர்வதே இல்லை. கறிக்கடையில் தட்டுப்பாடு வந்திருந்தால் கோமாள நிலம் ஒரு நகர்ப்புறப் பிரச்சினையாகியிருக்கும்.

இதன் உச்சம் சித்ரதுர்கா மாவட்டத்துச் சல்லகெரேயில் நிகழ்ந்தது. 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அங்கிருந்த அம்ரித் மகால் காவல்களில் சுமார் 10,000 ஏக்கர் பாதுகாப்பு, அணுவாற்றல், விண்வெளி ஆய்வு நிறுவனங்களுக்கும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்துக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கப்பட்டது. சுற்றிலுமுள்ள பல ஊர்களின் மேய்ப்பர்களும் கம்பளி நெசவாளர்களும் எதிர்த்தனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. அரசுத் தரப்புக்கு அது பயன்படாமல் கிடந்த வெற்றுநிலம். மேய்ப்பருக்கு ஆண்டின் ஒரு பருவம் அது. மூன்று நூற்றாண்டுக்கு முன் அரசு தன் போர்வலிமைக்காகக் காத்த அதே புல்லை, இன்றைய அரசு தன் போர்வலிமைக்காகவே கைவிட்டது என்பதில் வரலாற்றின் ஒரு கசப்பான தொடர்ச்சி தெரிகிறது.

ஹெசரகட்டாவின் போக்கு சற்று வேறு. திரைப்பட நகரம் முதலான பல திட்டங்கள் அந்நிலத்தைக் குறிவைத்தன. அப்பகுதியைப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கும் முன்மொழிவை மாநில வனவுயிர் வாரியம் 2021-இல் உள்ளூர் எதிர்ப்பைக் காரணம் காட்டி நிராகரித்தது. 2024-இல் அதே வாரியம் புல்வெளியோடு ஏரியையும் சுற்றுநிலங்களையும் சேர்த்து 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புக்கு ஒப்புதல் அளித்தது. வனவுயிர்ச் சட்டத்தின் இவ்வகைப்பாடு, சரணாலயத்தைப் போலன்றி, சுற்றியுள்ள மக்களின் உரிமைகளைத் தொடாமல் நிலத்தைக் காக்க இடந்தருவது. எனினும் உள்ளூர் மக்களின் அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. காவல் என்ற சொல்லின் கீழ் ஒருமுறை வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட நினைவு அவர்களுடையது.

இங்கே எழும் கேள்வி சூழலியல் சார்ந்தது மட்டுமன்று. புல்வெளி என்பது மரமில்லாத காடோ, கட்டடத்துக்காகக் காத்திருக்கும் மனையோ அன்று. பல நூற்றாண்டுகளாகப் புல்லும் மேயும் விலங்கும் மேய்ப்பவரும் ஒன்றையொன்று உருவாக்கிய நிலம் அது. மரம் நட்டு அதைக் ‘காப்பது’ அழிப்பதற்கு நிகர். ஆட்டையும் மாட்டையும் முற்றாக வெளியேற்றி அதைக் காட்சிப்பொருளாக்கினாலும் அதன் வரலாற்றில் பாதியே மிஞ்சும். அளவோடும் பருவத்தோடும் மேய்ச்சலை அனுமதிக்கும் ஒழுங்குமுறைக்கு அயல்நாட்டு முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை. கோடை, மழை, குளிர் என்று மூன்றாகப் பகுத்த பழைய காவல் முறையில் அதன் இலக்கணம் இருக்கிறது. அன்றைய முறையில் அரசுக்கிருந்த தனியுரிமையை நீக்கி, ஊரார்க்கும் மேய்ப்பர்க்கும் அதில் உரிய இடம் தருவதே இன்று செய்ய வேண்டிய திருத்தம்.

பெங்களூருவின் தட்டில் கோழிக்கறி தொடர்ந்து இருக்கும். அதை நிறுத்த வேண்டும் என்பது இவ்வரலாற்றின் முடிவன்று. கொட்டகை தரும் மலிவான இறைச்சியைக் காரணம் காட்டி மேய்ச்சல் நிலத்தைப் பயனற்றது என்று எழுதும் உரிமை நிலவரி ஏட்டுக்கு இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது. 1860-இல் கலைத்த மந்தையை 1866-இல் மீண்டும் சேர்க்க முடிந்தது, புல்வெளி அப்போதும் அங்கே இருந்ததால். மனையாகவும் வளாகமாகவும் மாறிய காவலுக்கு அத்தகைய ஆறாண்டுத் தவணை கிடையாது.